பெரட்டில் இல்லாத பேர்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்குத் தெற்கே வாய்க்கால் கரையோரமாக இரண்டு வரிசை வீடுகள் உண்டு. அரசாங்கப் பலகையில் ‘புதுவாழ்வு நகர்’ என்று எழுதியிருக்கிறது. ஐம்பது வருஷமாகியும் பழசாகாத வாழ்வு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை, லயம் என்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கூலிகள் குடியிருந்த நீளக் கட்டடத்துக்கு அதுதான் பேர். இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்தில் அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களின் சாமான்களில் பாதி, கரையிறங்கித் தங்கிய முகாமிலேயே தொலைந்துபோயிற்று. தொலையாமல் வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று அந்தப் பேர். இன்னொன்று பெரட்டு.

பெரட்டு என்றால் ஆள் எடுப்பது. மலையில் பனி கலையும் முன்னே தப்பு அடிப்பார்கள். லயத்துச் சனம் களத்தில் வரிசையாக வந்து நிற்கும். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். “வந்தாச்சு” என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதில் யாரும் உருகுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் தோட்டமும் துரையும் கங்காணியும் இல்லாத இந்தச் சமவெளியில், ஐம்பது வருஷமாகத் தினம் காலையில் பெரட்டு நடக்கிறது. கடைசி இருபது சொச்சம் வருஷமாகப் பேர் கூப்பிடுகிறவள் அம்சவல்லி.

அம்சவல்லிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துழைப்பதில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒருநாள் விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும். திருவாரூரில் மகள் பிரகதீஸ்வரி வீடு இருக்கிறது. அங்கே இவளுக்கென்று போட்ட ஒரு கட்டில், மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறது. “பொங்கல் கழிச்சு வர்றேண்டி” என்று மூன்று பொங்கலுக்குச் சொல்லிவிட்டாள். லயத்தில் கேட்டால் ஒரே பதில்: “தாராளமாப் போங்க அத்தே. பேர் கூப்பிட ஒரு ஆளக் காட்டிட்டுப் போங்க.”

ஆள்தான் இல்லை.

*

அம்சவல்லி இங்கே லாரியிலிருந்து இறங்கியபோது அவளுக்குப் பத்து வயது. பாட்டன் பூட்டன் இந்தச் சீமையிலிருந்துதான் பஞ்சம் பிழைக்கப் போனார்கள் என்பதால், சர்க்கார் பாஷையில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. திரும்பியவர்களில் ஒருவர்கூட அதற்கு முன்னால் தாயகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள். ஒரே பிறவியில் இரண்டு நாட்டுக்கு அந்நியராக இருப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

வந்த மறுநாள் நடந்ததைத்தான் இந்தப் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். விடிந்ததும் விடியாததுமாக சிவனாண்டி என்பவர் தப்பை எடுத்து அடித்தார். தோட்டத்தில் தப்படித்த ஆள். விடிந்தால் அடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சனமெல்லாம் வந்து பூவரச மரத்தடியில் வரிசையில் நின்றது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், சிறுவர்கள் ஓரத்தில். கூப்பிட யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. அப்படியே நின்றார்கள். கலைந்து போகச் சொல்லவும் ஆள் வேண்டுமே.

வாய்க்கால் வழியாகப் போன ஊர்ப் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“என்னாடி, ரேஷன் எண்ணெயா ஊத்துறாங்க?”

“சாமி கும்புடுறாங்க போல.”

“சாமியக் காணோமேடி!”

சாமி கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் வந்தது. பண்ணை மிராசுதாரின் ஏஜெண்டு. கூலி உயர்வு கேட்டுக் கீழத்தெரு சனம் நடவுக்கு இறங்காமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அவருடைய கண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டம், யாரும் கூப்பிடாமலே, வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் தெய்வ நம்பிக்கை உள்ளவர். நடவுக்கு வாங்க என்றார். கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் லயத்துச் சனம் அவர் பின்னாலேயே போய்விட்டது. தோட்டத்தில் அதைக் கேட்கும் வழக்கம் இல்லை.

வேலைநிறுத்தம் அன்றைக்கே உடைந்தது. நின்ற இடத்தில் நின்றே ஒரு சங்கத்தை முறித்த ஆட்கள் உலகத்தில் வேறு எங்காவது உண்டா, தெரியாது. இத்தனைக்கும் நடவு நாசம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் பழகியவர்கள் நாற்றுக் கட்டையும் அப்படியே தலைக்கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார்கள், சேற்றில் விழுந்தார்கள். தேயிலைச் செடி வைப்பதுபோல ஒவ்வொரு நாற்றாக, தள்ளித் தள்ளி, மரியாதையாக நட்டார்கள். விளைச்சல் பாதிதான். முப்பது வருஷம் கழித்து விவசாயத் துறையிலிருந்து வந்து ஒற்றை நாற்று நடுங்கள், இடைவெளி விடுங்கள் என்று சொன்னபோது, ஊரே தலையாட்டியது. மாட்டேன் என்று சொன்னவர்கள் லயத்துக்காரர்கள் மட்டுமே. ஊர் ஒருமுறை பார்த்துச் சிரித்தது போதாதா?

கீழத்தெரு அதை மறக்கவில்லை. சங்கத்தில் முன்னணியில் நின்றவரின் மகன் கோவிந்தராசுக்கும் அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அம்சவல்லியைப் பார்த்து, “கூலியக் கெடுத்த கப்பக்காரி” என்று கத்தினான். அவளுக்குக் கூலி என்றால் தெரியும், கப்பல் தெரியும், கெடுத்தது எதுவென்று மட்டும் தெரியவில்லை. சிலேட்டால் அவன் மண்டையில் ஒன்று போட்டாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது முடி கொட்டிப்போனதால் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்தது. சண்டை ஓய்ந்தது, கூலி ஒன்றானது, இரண்டு தெருவும் ஒரே வயலில் குனிந்தன. அம்சவல்லி சிவனாண்டியின் மகன் இளையபெருமாளைக் கட்டிக்கொண்டாள். தப்படித்த சிவனாண்டியே பேரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்; அவருக்குப் பிறகு இளையபெருமாள் கூப்பிட்டான். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். “இன்னிக்கி ஒருநா நீ கூப்புடேன்” என்றான். அவள் போய்க் கூப்பிட்டாள். காய்ச்சல் சரியாகவில்லை, அவனும் போய்விட்டான். அந்த ஒருநாள்தான் இன்றுவரை நீண்டுகொண்டிருக்கிறது.

பெரட்டினால் என்ன பிரயோசனம் என்று கேட்டால், ஒரு காலத்தில் சொல்ல நிறைய இருந்தது. இன்றைக்கு நடவுக்கு யார், களைக்கு யார், அறுப்புக்கு யார் என்று அங்கேயே பிரிப்பார்கள். பிறகு நடவுக்கும் இயந்திரம் வந்தது, அறுப்புக்கும் இயந்திரம் வந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். வேலை போய்விட்டது; வேலைக்குக் கூப்பிடுவது போகவில்லை. நூறு நாள் வேலையில் வரிசையாக நிறுத்தி செல்போனில் போட்டோ எடுத்து ஆள் கணக்குப் போடச் சொல்லி உத்தரவு வந்தபோது, மற்ற தெருக்களெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றன. லயத்துச் சனம் யாரும் சொல்லாமலே உயரவாரியாக நின்றது. போட்டோ எடுக்க வந்த பெண், “இங்க யாருங்க ஸ்கூல் டீச்சர்?” என்று கேட்டாளாம்.

அம்சவல்லிக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தூக்கம் வேண்டியிருந்தது. தினமும் இருட்டில் எழுந்து, காலை நீவிவிட்டு, பூவரசடிக்கு நடந்து, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, பதில் வராத பேரை மறுபடி கூப்பிட்டு, அப்போதும் வராவிட்டால் போய்க் கதவைத் தட்டி... இதில் ஒரு விசேஷம். அவள் பேர் மட்டும் பெரட்டில் கிடையாது. கங்காணி தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொள்வதில்லை, சிவனாண்டி கூப்பிட்டுக்கொண்டதில்லை, இளையபெருமாளும் இல்லை. கூப்பிடுகிற குரல் கேட்கிறதே, அதுவே வந்தாச்சு என்பதற்கு அத்தாட்சி. இதில் ஒரு ஓட்டை இருப்பதாக ஐம்பது வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

*

ஆள் தேடும் படலம் போன ஆடியில் தொடங்கியது.

முதலில் பிரபு வந்தான். ஐ.டி.ஐ. படித்தவன், அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு தீர்வு இருக்கும். “அத்தே, இதுக்குப் போயி கத்துவாங்களா?” என்று வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கினான். மறுநாள் காலையில் எல்லோரும் படுத்த பாயிலிருந்தே கட்டைவிரலை அனுப்பினார்கள். திருப்பூரில் இருக்கிறவர்களும் அனுப்பினார்கள். சிங்கப்பூரில் இருப்பவன் ஒருவன் முதல் ஆளாக அனுப்பினான். அவனுக்கு அங்கே நமக்கு முன்னாலேயே விடிந்துவிடுகிறது. போனே இல்லாத கிழடுகள் மட்டும் பூவரசடியில் வந்து நின்று, கூப்பிட ஆளில்லாமல், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்த புதிதில் நின்ற மாதிரியே நின்றன.

“சரி, மனுசங்க யாராச்சும் கூப்பிடுங்கடா” என்றாள் அம்சவல்லி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் முன்வந்தார். நல்ல குரல். ஆனால் அவர் தன்னோடு பேச்சுவார்த்தை உள்ளவர்களின் பேரை மட்டுமே கூப்பிட்டார். நான்கே பேர். மூன்றாம் நாள் அது இரண்டாகக் குறைந்தது.

கடைசியில் பிரபுவே மறுபடி வந்தான். “அத்தே, ஒங்க கொரலவிட நல்ல கொரல் இந்த லயத்துல கெடையாது. அதையே புடிச்சு வச்சிக்கிறேன்.”

ஒரு சாயங்காலம் அவளைப் பூவரசடியில் நிறுத்தி, போனை நீட்டிப் பெரட்டைப் பதிவு செய்தான். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை. ஒவ்வொரு பேருக்கும் பின்னால் பதிலுக்குக் கொஞ்சம் இடைவெளி. நடுவில் அவள் இருமியதும், ஒரு இடத்தில், “ஏய், அந்தக் கோழிய வெரட்டுங்கடி!” என்று சொன்னதும்கூட அதில் பதிந்துவிட்டன. வெட்டி எடுத்துவிடலாம் என்றான் பிரபு. வேண்டாம், அதுவும் இருந்தால்தான் அத்தை மாதிரி இருக்கும் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் இணைத்து, காலையில் தானாகப் பாடும்படி செய்தான்.

மறுநாள் அம்சவல்லி படுத்தபடியே தன் குரலைக் கேட்டாள். இப்படியா கத்திக்கொண்டிருந்தோம் என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு போர்வையை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாயில் கிடந்தபடியே “வந்தாச்சு” வந்தது. கோழி வராத நாளிலும் கோழி விரட்டப்பட்டது. மகளுக்குப் போன் போட்டாள்.

“இந்த ஐப்பசி மழ விட்டதும் வந்துர்றேண்டி.”

“மூணு பொங்கலாச் சொல்றியேம்மா.”

“இப்பப் பொங்கல்னா சொன்னேன்? மழன்னுதானே சொன்னேன்.”

பழைய சேலைகளைப் பையில் அடுக்கி வைத்தாள்.

*

ஐப்பசி மழை விடவில்லை. ஒரு காலையில் கொல்லைப்புற அடிபம்பில் பாசி வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. எழ முடியவில்லை. “யாராச்சும் வாங்களேன்!” என்று கத்தினாள். அதே சமயத்தில் கோயில் குழாய் உயிர்பெற்றது. பெரட்டு.

இருபது வருஷமாக லயத்தை எழுப்பிய குரல், மின்சாரமும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா? அவள் இங்கிருந்து கத்த, அவளே அங்கிருந்து அதற்கு மேல் கத்தினாள். தன் குரலை மீறித் தன்னாலேயே கத்த முடியவில்லை. வீட்டுக்கு வீடு “வந்தாச்சு” கேட்டது. அத்தை குரல் கணீரென்று இருக்கிறது. அத்தைக்கு என்ன குறை? மழை அவள் முகத்திலேயே பெய்துகொண்டிருந்தது. பெரட்டு முடிந்ததும் மறுபடி தொடங்கியது. பிரபு இரண்டு தரம் ஓடும்படி வைத்திருந்தான், தூங்குகிறவர்களுக்காக.

அப்போதுதான் கோவிந்தராசு சண்டைக்கு வந்தார். அவருடைய மாடு கன்று போடுகிற நிலையில் இருந்தது. குழாய்ச் சத்தத்தில் நான்கு நாளாக மிரள்கிறது. சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு அம்சவல்லியின் வாசலில் நின்றார்.

“ஏ அம்சா! வாய மூட மாட்டியா நீ? வாயில்லா சீவன் நடுங்குது. வெளிய வா!”

கொல்லையிலிருந்து மெல்லிசாக ஏதோ கேட்டது. சுற்றிக்கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார். கீழே கிடக்கிறவளைப் பார்த்தார். கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அங்க கத்திக்கிட்டிருக்கே... இங்க ஏன் படுத்துருக்கே?”

“கத்துறது மெசினுண்ணே. விழுந்தது நானு.”

“அடக் கொடுமையே! டேய், யார்றா அங்க? ஓடியாங்கடா!”

ஒருவரும் வரவில்லை. அவர் கத்தியது அவள் கத்தலில் கரைந்துபோயிற்று. கோவிந்தராசு சாக்கை அவள் மேல் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினார். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். “ஏய், அந்தக் கோழிய வெர—” என்பதோடு நின்றது.

சத்தத்துக்கு வராத லயம், சத்தம் நின்றதும் வெளியே வந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. “என்னாச்சு? அத்தைக்கு என்னாச்சு?”

*

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கம்பி வைத்தார்கள். பார்க்க வந்தவர்களில் பிரபுதான் ரொம்ப உடைந்துபோயிருந்தான். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“அத்தே, தப்பாப் போச்சு. ஒங்க பேரையும் அதுல சேத்துர்றேன்.”

“என் கொரல்லயே என் பேரையாடா? நானே கூப்புட்டு நானே வந்தாச்சுங்கணுமா?”

அவன் யோசித்தான். “அது கொஞ்சம் சிக்கல்தான் அத்தே.”

கோவிந்தராசும் வந்திருந்தார். கன்று நல்லபடியாகப் பிறந்துவிட்ட நிம்மதியில் இருந்தார். கிடாரி. ஜன்னல் பக்கம் நின்றபடி, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: “ஆத்துல தண்ணி கொறஞ்சா நாங்க என்ன பண்றோம்? முறை வக்கிறோம். இன்னிக்கி ஒன் வயலு, நாளைக்கி என் வயலு. கத்துறதுக்கும் அப்புடி வீட்டுக்கு ஒருநா முறை வச்சுக்கிட்டா என்னவாம்?”

பிரபு அம்சவல்லியைப் பார்த்தான்; அம்சவல்லி கோவிந்தராசைப் பார்த்தாள். இவ்வளவு சாதாரண விஷயம் ஏன் தோன்றவில்லை? தோன்ற வழியில்லை. கீழத்தெருவில் சிலர் பிற்பாடு கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார்கள்; லயத்தில் யாருக்கும் சொந்தமாக வயல் கிடையாது. வயல் இல்லாதவனுக்குத் தண்ணீர் முறை கிடையாது. ஐம்பது வருஷம் அடுத்தவன் வயலில் நின்று அந்தத் தண்ணீரைக் கணுக்காலில் மட்டுமே வாங்கியவர்கள். ஒருவன் கூப்பிட வேண்டும், மற்றவர்கள் வந்தாச்சு சொல்ல வேண்டும் என்பது அவர்கள் மலையிலிருந்து இறக்கிய பாடம்.

“யண்ணே,” என்றாள் அம்சவல்லி, “இத இருபது வருசத்துக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?”

“நீ கேட்டியா? கேட்டா சிலேட்டத் தூக்கிட்டு வருவே.”

பிரகதீஸ்வரி ஒரே பிடிவாதமாக இருந்தாள். இனி ஒருநாள்கூட அந்த லயத்தில் விடமாட்டேன், நேரே திருவாரூர்தான். அம்சவல்லியும் சரி என்றாள். அவளுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக மனசும் வழியும் ஒன்றாக இருந்தன. டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வீட்ல படி இருக்காம்மா? ஒரு வருஷத்துக்குப் படி ஏறக் கூடாது.”

பிரகதீஸ்வரி முகம் வாடியது. அவள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கட்டித் தருகிறோம் என்று சொன்னவர்கள் அதற்கான குழியை மட்டும் விட்டிருக்கிறார்கள். அதில் இப்போது மழைத்தண்ணீர் நிற்கிறது.

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்தது. கம்பி போட்ட இடம் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மலைச் சரிவில் பிறந்தவள். நடை பழகியதே ஏற்றத்தில்தான். மூன்று மாடி ஏற வழியில்லாமல், ஒரு மேடுகூட இல்லாத இந்தத் தட்டைச் சீமைக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது.

ஆம்புலன்ஸ் ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிரகதீஸ்வரி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையோடு.

மறுநாள் விடியும் முன் வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு யாரும் இன்னும் சேதி சொல்லவில்லை. பூவரசடியில் காலடிச் சத்தங்கள். அன்றைக்குப் பிரபு வீட்டு முறை. அவனுக்குக் குரல் எடுக்கவில்லை. கட்டைக் குரலில், தாறுமாறான வரிசையில், கடைசி வீட்டிலிருந்து தொடங்கினான். மூன்றாவது பேரைத் தப்பாகச் சொன்னான். அம்சவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு இடைவெளி. தொண்டையைச் செருமினான்.

“அம்சவல்லி!”

அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். அத்தை, அக்கா, அம்மா, அம்சா எல்லாம் கேட்டுப் பழகிய காது. முழுப் பேரும் யாரோ ஒரு அந்நியப் பெண்ணுடையதுபோல இருந்தது. பதில் சொல்லவில்லை.

“அம்சவல்லி!” குரலில் இப்போது கொஞ்சம் பயம்.

பக்கத்தில் பாயில் படுத்திருந்த பிரகதீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். “ம்மா, ஒன்னத்தாம்மா கூப்புட்றாங்க. பதில் சொல்லு.”

“கேக்குது. படு.”

மூன்றாவது தரம் கூப்பிடும்போதே காலடிகள் ஓடிவந்தன. வாசலில் பிரபு, அவனுக்குப் பின்னால் பாதி லயம், அதற்கும் பின்னால் பால் கறந்த செம்போடு கோவிந்தராசு.

“அத்தே! அத்தே, ஒண்ணுமில்லயே? ஏன் பதில் சொல்லல?”

அம்சவல்லி போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டினாள்.

“உசுரோடதான் இருக்கேன். போங்க. அம்சவல்லி இன்னிக்கி வரலன்னு சொல்லிக்க.”

“வரலன்னா... சம்பளம் கெடையாதே அத்தே” என்று பிரபு இளித்தான்.

“புடிச்சுக்க.”

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. வெளியே இன்னும் விடியவில்லை. அம்சவல்லிக்குத் திரும்பிப் படுக்க வேண்டும்போல இருந்தது, இடுப்பு விடவில்லை. மல்லாந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறை மூச்சுக்கு மூச்சு சரசரத்தது. அதை யாராவது பிரித்தால் தேவலை. பிறகு பார்த்துக்கொள்ளலாம், விடிந்ததும்.